ஒட்டு வைத்தியரும் இருபத்திரண்டு தவளைகளும்

ஒட்டு வைத்தியரை உங்களுக்குத் தெரியும். தெரியாது என்று தலையாட்டாதீர்கள். உங்கள் தெருவில் ஒருவர் இருக்கிறார். உங்கள் அலுவலகத்தில் ஒருவர். மனைவி வழிச் சொந்தத்தில் இரண்டு பேராவது கட்டாயம் இருப்பார்கள். கை தவறி ஒரு கோப்பை விழுந்து உடைந்ததும் வீட்டில் எல்லாரும் "ஐயையோ!" என்பார்கள். ஒருவர் மட்டும் "தூக்கிப் போட்டுடாதீங்க!" என்று கத்திக்கொண்டு அடுத்த அறையிலிருந்து ஓடி வருவார். அந்த முகத்தில் கவலை இருக்காது, பூரிப்பு இருக்கும். அவரேதான்.

இந்த இனத்தைப் பார்த்ததும் கண்டுகொள்ளலாம். பேனா குத்த வேண்டிய சட்டைப் பையில் இரண்டு குழாய்கள் எட்டிப் பார்க்கும். ஒன்று ரெசின், மற்றது ஹார்டனர். தனித்தனியே இருக்கும்வரை இரண்டும் பரம சாது, சம அளவில் கலந்தால் எபாக்ஸிப் பசை. வீட்டில் இவருக்கென்று ஓர் இழுப்பறை உண்டு. அதில் பிடி இல்லாத சாவி, சாவி இல்லாத பூட்டு, ஒற்றைக் காலோடு மூக்குக் கண்ணாடி, எதிலிருந்து கழன்று வந்தது என்று செய்தவனுக்கே மறந்துபோன ஒரு இரும்புக் கொக்கி, எல்லாம் "ஒரு நாள் ஒட்டணும்" என்ற ஒரே நம்பிக்கையில் படுத்துக் கிடக்கும். அந்த ஒரு நாள் வராது. வந்துவிட்டால்? அன்றைக்கு வீடு ரெண்டுபடும். நாற்காலியில் உட்காரக் கூடாது, அது காய்கிறது. கதவைச் சாத்தக் கூடாது, கைப்பிடி காய்கிறது. அகராதியை எடுக்கக் கூடாது, அதற்கடியில் ஒரு தட்டு காய்கிறது. இருபத்து நாலு மணி நேரம் குடும்பமே நின்றபடி சாப்பிடும்.

"ஒட்டாதுன்னு ஒண்ணு உலகத்துலயே கிடையாது. ஒட்டத் தெரியலைன்னு சொல்லு, ஒத்துக்கறேன்." இது இவர்களுடைய தாரக மந்திரம். அப்படியானால் இவர்கள் ஒட்டியதெல்லாம் நிற்கிறதா என்று கேட்கிறீர்களா? அட, நீங்கள் ஒன்று! ஒரு வாரம் நிற்கும், மிஞ்சிப்போனால் பத்து நாள். பிறகு கதவைத் திறக்கப் போனால் கைப்பிடி மட்டும் கையோடு வரும். அப்போதும் குற்றம் ஒட்டியவருடையது அல்ல. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர்கள் காற்றில் ஈரம் என்பார்கள், குழாயில் பழைய சரக்கு என்பார்கள், அதுவும் எடுபடாவிட்டால் பசை காயும்போது நீங்கள் தும்மிவிட்டீர்கள் என்பார்கள்.

அசல் மாதிரி ஒருவரை எடுத்துக்கொள்வோம். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரில் எண்ணைப் பார்த்துக் குறித்து வருவது இவருடைய தொழில். ஒரு வீட்டுக்கு இரண்டு நிமிட வேலை. ஆனால் மீட்டர் என்பது உலோகக் குழாயில் மாட்டியிருப்பது. குழாய் இருந்தால் துரு இருக்கும். துரு கண்ணில் பட்டுவிட்டால் மனிதர் நாற்பது நிமிடத்துக்கு அசையமாட்டார். வீட்டுக்காரர்கள் தலை துவட்டிய துண்டோடும் ஒரு காலில் செருப்போடும் நின்று கேட்க வேண்டியதுதான். ஒட்டு வைத்தியர் என்பது தெரு சேர்ந்து வைத்த பெயர். அவருக்கு அது பட்டம் என்று நினைப்பு.

"அம்மா, இந்த இரும்புக் குழாயை எப்பவாவது தொட்டிருக்கீங்களா?" என்று ஆரம்பிப்பார்.

"தினம் தொடுறேனே."

"கிடையாது. நீங்க இரும்பைத் தொட்டதே இல்ல. யாருமே தொட்டதில்ல."

அந்த அம்மாளுக்குத் திக்கென்று ஆகிவிடும்.

"பளபளன்னு சுரண்டி வைங்க. வச்ச கையை எடுக்கறதுக்குள்ள காத்துல இருக்கற ஆக்ஸிஜன் வந்து மேல படுத்துக்கும். ஆக்ஸைடுன்னு பேரு. நாம தொடுறது, தேய்க்கறது, பசை ஒட்டுறது, எல்லாம் அந்தப் போர்வை மேலதான். போர்வை மேல ஈரக்காத்து படுதா? ஆக்ஸிஜனும் ஹைட்ரஜனும் ஜோடி ஜோடியா கையை நீட்டிக்கிட்டு நிக்கும். பசைக்குள்ளயும் அதே ஜோடிங்க நிக்குது. ரெண்டும் பக்கத்துல வந்தா கையைக் கோத்துக்கும். சில இடத்துல அதுக்கும் மேல போய், பிரிக்கவே முடியாத மாதிரி பிணைஞ்சுக்கும். ஒரு கைன்னா பலம் கம்மிதான். கோடி கை கோத்தா?"

"மீட்டர் நம்பர் எழுதிட்டீங்களா சார்?"

"இருங்கம்மா, ஹார்டனருக்கே இன்னும் வரல."

ஹார்டனருக்கும் வருவார். ரெசினுக்குள் இரண்டு கார்பனும் ஒரு ஆக்ஸிஜனும் சின்ன முக்கோணமாக நெருக்கிக்கொண்டு இருக்கின்றனவாம், இரண்டு பேர் உட்காரும் பெஞ்சில் மூன்று பேரை இடுக்கி வைத்த மாதிரி. எப்போது எழுந்திருப்போம் என்று மூன்று பேருக்கும் எரிச்சல். ஹார்டனரில் இருக்கிற நைட்ரஜன் வந்து ஒருவர் கையைப் பிடித்து இழுக்கும். அவ்வளவுதான், பெஞ்சு காலி. இழுத்தவரும் இழுபட்டவரும் கை கோத்து, அடுத்த பெஞ்சுக்காரரையும் இழுத்து, கடைசியில் யாராலும் பிரிக்க முடியாத ஒரு பெரிய வலை ஆகிவிடும். பெஞ்சைவிட்டு எழுந்த ஆக்ஸிஜனுக்கும் ஒரு ஹைட்ரஜன் ஜோடி சேர்ந்து, அதுவும் உலோகத்தைப் பார்த்துக் கையை நீட்டும். இதைச் சொல்லும்போது அவர் தம் இரண்டு கை விரல்களையும் கோத்து, முகம் சிவக்க இழுத்துக் காட்டுவார். வீட்டுக்காரர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அவர் சொல்வது அத்தனையும் சரி. அங்கேதான் நாம் ஏமாறுகிறோம். தப்பாகச் சொல்கிறவரை ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடலாம். சரியாகச் சொல்லித் தப்பாகச் செய்கிறவரைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் அவரோடு குடும்பம் நடத்திப் பார்க்க வேண்டும்.

நடத்திப் பார்த்தவர் ஒருவர் உண்டு, அவர் மனைவி. வீட்டின் முன்னறையில் காலால் மிதிக்கும் தையல் இயந்திரத்தை வைத்துக்கொண்டு தெருவுக்கே தைத்துக் கொடுப்பவர். தெரு அவரை டெய்லர் அக்கா என்கிறது. பேச்சு குறைவு. உதட்டில் எந்நேரமும் நாலு குண்டூசி இருப்பதால் பேச வழியும் இல்லை. கணவர் பக்கத்தில் இருப்பதால் இடமும் இல்லை.

அந்தச் சனிக்கிழமை டெய்லர் அக்காவின் மேசையில் ஒரு குளம் நிறையத் தவளைகள் இருந்தன. அடுத்த தெருப் பள்ளிக்கூடத்தில் திங்கள்கிழமை காலை பத்து மணிக்குக் குழந்தைகள் நாடகம். இருபத்திரண்டு தவளைகள், ஒரு முதலை. முதலை கடைசியில் திருந்தித் தவளைகளிடம் மன்னிப்புக் கேட்கும். போன வருஷம் பட்டாம்பூச்சி நாடகம். வேறொரு தையற்காரர் கடைசி நேரத்தில் கைவிரித்துவிட்டதால் குழந்தைகள் வீட்டுச் சட்டையோடு மேடையேறி, யார் பட்டாம்பூச்சி, யார் வேடிக்கை பார்க்க வந்தவர் என்று தெரியாமல் போய்விட்டது. இரண்டு பட்டாம்பூச்சிகள் அழுதன. "இந்தத் தடவை உங்களை நம்பித்தான் இருக்கேன்" என்று டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டிருந்தார். டெய்லர் அக்கா வாக்குக் கொடுத்துவிட்டார். பன்னிரண்டு தவளைகள் முடிந்து, பதின்மூன்றாவது தவளையின் இடுப்பில் ஊசி ஓடிக்கொண்டிருந்தபோது, காலடியில் 'டக்'.

மிதிபலகையின் ஓரத்தில் ஒரு காது உண்டு. சக்கரத்துக்குப் போகிற கம்பி அதில்தான் மாட்டியிருக்கும். காது உடைந்துவிட்டது. மிதித்தால் பலகை ஆடியது, சக்கரம் சும்மா இருந்தது. தெருவில் இருக்கிற இன்னொரு தையற்காரர் கடையைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருந்தார். பத்துத் தவளைகளையும் ஒரு முதலையையும் கையால் தைத்து முடிக்கத் திங்கள் அல்ல, வெள்ளி ஆகும். உதட்டிலிருந்த ஊசிகளை எடுத்துவிட்டுத் தம்பிக்குப் போன் செய்தார்.

தம்பி வெல்டர். பத்து நிமிடத்தில் கருவிப் பையோடு வந்து, தரையில் மல்லாந்து படுத்து, இயந்திரத்துக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தான்.

"அக்கா, இது வார்ப்பிரும்பு. சும்மா வெல்டிங் வச்சா பக்கத்துல விரிசல் விடும். பட்டறையில சூடேத்தி, தனிக் கம்பி போட்டு, மெதுவா ஆற விடணும். முதலாளி சாவியோட வெளியூர் போயிட்டாரு. திங்கக்கிழமை மத்தியானம் கொண்டா, ஜம்முனு வச்சுத் தர்றேன்."

"மத்தியானம் தவளையெல்லாம் வீட்டுக்குப் போயிருக்கும்டா!"

அப்போது அறை வாசலில் ஒரு செருமல் கேட்டது. ஒட்டு வைத்தியர் நின்றார். ஒரு கையில் உப்புத்தாள், ஒரு கையில் பழைய ஜன்னலிலிருந்து கழற்றிய அலுமினியப் பட்டை, பையில் இரண்டு குழாய்கள். 'டக்' சத்தம் கேட்டபோதே தயாராகிவிட்டார். வெல்டர் கைவிரிக்கட்டும் என்று மரியாதைக்காகக் காத்திருந்தார். பதினெட்டு வருஷமாக மச்சினன் தம்மைப் பார்க்கும்போதெல்லாம் "என்ன அத்தான், இன்னைக்கு எது கழண்டுச்சு?" என்று கேட்டதற்கெல்லாம் சேர்த்து வைத்துப் பதில் சொல்ல நல்ல நேரம் வந்துவிட்டது என்று அவருக்குள் ஒரே குதூகலம்.

"என்ன மாப்ளே, நெருப்பு வேலைக்கு ஆகலையா?"

"அத்தான், உருண்டு புரண்டாலும் ஒட்டுற மண்ணுதான் ஒட்டும்."

"மண்ணு ஏன் ஒட்டுதுன்னு தெரியுமா? மண்ணுங்கறதே முக்கால்வாசி ஆக்ஸைடுதான் மாப்ளே!"

டெய்லர் அக்கா எழுந்து நின்றார். வேறு வழியே இல்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. அது தெரிந்ததில் வந்த கோபம் முகத்தில் இருந்தது.

"ஏங்க, நல்லா கேட்டுக்கங்க. இது நிக்கலைன்னா அந்த இழுப்பறை நாளைக்குக் குப்பைக்குப் போகும். குழாய் போகும். அப்புறம் இந்த வீட்டுல பசைங்கற பேச்சே இருக்கக் கூடாது."

"நின்னுட்டா?"

"முதல்ல நிக்கட்டும்."

வைத்தியருக்குப் பயம்தான். இழுப்பறை! அதில் இருக்கிற அந்தக் கொக்கி! இருந்தாலும் வெளியே காட்டிக்கொள்ளாமல் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மச்சினன் கழற்றிக் கொடுத்த மிதிபலகையையும் உடைந்த காதையும் மடியில் வைத்துக்கொண்டு தேய்க்கத் தொடங்கினார். தேய்த்தாரா, பேசினாரா என்று கேட்டால், பேசினார், இடையிடையே தேய்த்தார்.

"பாரு மாப்ளே, துருன்னா உடனே கெட்டதுன்னு நினைக்காதே. இந்த இரும்பு மேல இருக்கறது பொருக்குத் துரு. பசை துருவை விடாது, ஆனா துரு இரும்பை விட்டுடும். உதிர்ற சுண்ணாம்பு மேல நோட்டீஸ் ஒட்டினா என்ன ஆகும்? நோட்டீஸ் சுண்ணாம்போட சேர்ந்து கையோட வந்துடும். அதனால இதைச் சுரண்டிடணும். இதோ, இந்த அலுமினியத்தைப் பாரு. இதுவும் துருப்பிடிச்சதுதான்! ஆனா நல்ல குடும்பத்துத் துரு. மெல்லிசா, கெட்டியா, இருக்கற இடம் தெரியாம உக்காந்திருக்கும். அதை லேசா சொரசொரப்பாக்கினா போதும்."

"அத்தான், மணி பன்னண்டு."

சுரண்டினார். பக்கத்து வீட்டிலிருந்து நகச்சாயம் அழிக்கிற திரவத்தை ஒரு புட்டி வாங்கி வந்து, வெள்ளைத் துணியில் நனைத்துத் துடைத்தார். துணி கறுத்தது, துணியை மாற்றினார், கறுக்காதவரை துடைத்தார். இதையெல்லாம் அவர் அருமையாகவே செய்தார் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு பழைய டப்பா மூடியில் ரெசினையும் ஹார்டனரையும் சரிபாதியாகப் பிதுக்கி, குச்சியால் கலக்கினார். பூச வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து டீச்சர் உள்ளே வந்தார்.

தவளைகள் எத்தனை முடிந்தன என்று பார்க்க வந்தவர் அவர். வந்த இடத்தில் தரையில் கிடந்த மிதிபலகையைப் பார்த்துவிட்டு, பாவம், ஒரு கேள்வி கேட்டார்.

"இது ஒட்டுமா சார்?"

படித்தவர், புதியவர், தாமாகவே கேட்கிறார். இப்படி ஒரு பாக்கியம் ஒட்டு வைத்தியர் இனத்துக்கு ஆயுளில் எத்தனை தடவை வாய்க்கும்? மூடியைக் கையில் வைத்துக்கொண்டே இரும்பை யாரும் தொட்டதில்லை என்பதில் ஆரம்பித்து, போர்வையைக் கடந்து, கை கோப்பதைக் கடந்து, பெஞ்சில் மூன்று பேரை உட்கார வைத்துக்கொண்டிருந்தபோது, "ஆ!" என்று மூடியைக் கீழே போட்டார். கை சுட்டுவிட்டது. மூடியிலிருந்து லேசாகப் புகை வந்தது.

"குவிச்சு வச்சா அதோட சூட்டுலயே அது சீக்கிரம் இறுகிடும் டீச்சர்" என்று விரலை ஊதிக்கொண்டே விளக்கினார். "பரவலாத் தடவிட்டா இந்தத் தொல்லையே இல்ல."

"அப்ப தடவியிருக்கலாமே சார்?"

வெல்டர் மூடியை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தான். கலக்கிய குச்சி அதில் நட்டுக்கொண்டு நின்றது. பிடித்து ஆட்டினான். அசையவில்லை.

"பாத்தீங்களா, என்ன கெட்டி!" என்றார் வைத்தியர், தம்மை மறந்து.

"கெட்டிதான் அத்தான். ஆனா அக்கா மிதிக்கப்போறது மூடியை இல்ல, பெடலை."

டெய்லர் அக்கா உதட்டில் ஊசிகளோடு பதின்மூன்றாவது தவளையைக் கையால் தைத்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை மட்டும் நிமிர்ந்து இழுப்பறையைப் பார்த்தார். வைத்தியருக்கு அது போதுமாக இருந்தது. குழாய்களை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிதுக்கிச் சுருட்டினால் இன்னும் ஒரே ஒரு தடவைக்கு வரும்.

இரும்பை மறுபடி துடைத்தார். மறுபடி துணி மாற்றினார். வெள்ளைத் துணி வெள்ளையாகவே வந்ததும் அதை டீச்சரிடம் தூக்கிக் காட்டினார். பிறகு, "இப்ப பாருங்க டீச்சர், சுத்தம்னா இதுதான் சுத்தம்!" என்று சொல்லிக்கொண்டே வலது கைக் கட்டைவிரலால் இரும்பின் மேல் நீளமாக, ஆசையாக, ஒரு இழுப்பு இழுத்தார்.

டெய்லர் அக்கா ஊசிகளை எடுத்துத் துணியில் குத்தினார்.

"கையை எடுங்க."

"ஏன்?"

"காலையில தலைக்கு எண்ணெய் வச்சீங்களே, எந்தக் கையால வச்சீங்க?"

வைத்தியர் தம் கட்டைவிரலைப் பார்த்தார். வெயில் பட்டு அது பளபளத்தது.

"ஒரு மணி நேரம் துடைக்கறீங்க. துடைச்சு முடிச்சதும், எப்படி இருக்கு பாருன்னு அந்த விரலால ஒரு இழுப்பு. ஒவ்வொரு தடவையும். எண்ணெயைத் தடவி வச்சுட்டா, உங்க பசை எந்தக் கையைப் பிடிச்சு எந்தக் கையோட கோக்கும்?"

வைத்தியரின் கண் முன்னால் பதினெட்டு வருஷச் சவங்கள் வரிசையாகப் போயின. கதவுக் கைப்பிடி, குடைக் கம்பி, டார்ச் மூடி, மாமனார் கொடுத்த அலாரக் கடிகாரத்தின் கால். எல்லாவற்றையும் ஈரக்காற்று கொன்றுவிட்டது என்று நம்பியிருந்தார். எல்லாம் இந்தக் கட்டைவிரல்!

"இதை நீ எப்ப கவனிச்சே?" என்றார் மெதுவாக.

"கல்யாணம் ஆன மூணாவது மாசம். எவர்சில்வர் சோப்பு டப்பாவுக்கு மூடி ஒட்டுனீங்களே, அப்ப."

"பதினெட்டு வருஷமா ஏன் சொல்லல?"

"நீங்க எங்க பேச்சை நிறுத்துனீங்க, நான் சொல்ல?"

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள்கள் மட்டும் குலுங்கின. டெய்லர் அக்கா ஊசிப் பெட்டியிலிருந்து புதிதாக நாலு குண்டூசிகளை எடுத்துக் கணவரிடம் நீட்டினார்.

"இதை உதட்டுல வச்சுக்கங்க. பூசி முடிக்கற வரைக்கும் எடுக்கக் கூடாது."

"இது எதுக்..."

"வைங்கன்னா வைங்க."

வைத்தார். அப்புறம் நடந்ததை அந்தத் தெரு இன்னும் நம்பவில்லை. சோப்புப் போட்டுக் கை கழுவினார். இரும்பைத் திரும்பவும் துடைத்தார், தொடவில்லை. அலுமினியப் பட்டையைத் துடைத்தார், தொடவில்லை. கடைசிச் சொட்டுவரை பிதுக்கிக் கலக்கினார்; கலக்கிய மாத்திரத்தில் மெல்லிசாகப் பூசினார்; உடைந்த காதைப் பொருத்தி, மேலே பட்டையை வைத்து, மச்சினனைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். அவன் தன் பையிலிருந்து திருகு கிளாம்ப் இரண்டை எடுத்து இறுக்கினான். மொத்தம் பதினோரு நிமிடம். ஊசிகள் இருந்ததால் அவர் மூக்கால் மட்டும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். "ம்ம்ம்" என்று மூன்று தடவை வந்ததை வைத்துப் பார்த்தால் பெஞ்சுக் கதையாக இருக்கலாம். எதிர்வீட்டுக்காரர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னங்க, சாருக்கு உடம்பு சரியில்லையா? சத்தத்தையே காணோம்?" என்று விசாரித்தார்.

பிறகு காத்திருப்பு. இந்த இனத்தால் தாங்க முடியாதது ஒன்று உண்டு என்றால் அது இதுதான். ஒட்டிவிட்டதா என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஆட்டிப் பார்த்தே பாதியைக் கெடுப்பார்கள். அவர் மிதிபலகைப் பக்கம் போகாமலிருக்க டெய்லர் அக்கா ஒரு வழி செய்தார். தவளைக் கண்களைத் தைக்கக் கொடுத்துவிட்டார். இருபத்திரண்டு தவளைக்கு நாற்பத்து நாலு கண். வைத்தியர் விரலில் குத்திக்கொண்டு, "ஸ்ஸ்" என்று உறிஞ்சிக்கொண்டு, "இதுக்கெல்லாம் ஒரு துளி பசை இருந்தா..." என்று ஆரம்பித்து, மனைவி நிமிர்ந்ததும் நிறுத்தி, மறுநாள் வரைக்கும் தைத்தார். ஒரு தவளைக்கு இரண்டு கண்ணும் ஒரே பக்கம் அமைந்துவிட்டது. அது நாடகத்தில் ஓரமாக நிற்கும் தவளை என்று டீச்சர் சமாதானம் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வெல்டர் கிளாம்ப்பைக் கழற்றி, மிதிபலகையைப் பொருத்தி, கம்பியை மாட்டினான். டெய்லர் அக்கா முக்காலியில் உட்கார்ந்தார். வலது காலைப் பலகையில் வைத்தார். வைத்தியர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அவருக்குப் பார்க்கத் தைரியம் இல்லை.

ஒரு மிதி. சக்கரம் சுற்றியது. இரண்டாவது மிதி. பிறகு வழக்கமான தடதட சத்தம், நிற்காமல், ஒரு முழம், இரண்டு முழம். பதினான்காவது தவளைக்கு முதுகு வந்துவிட்டது.

"நிக்குதுங்க!" என்றார் டெய்லர் அக்கா. அவர் குரலில் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "ஏங்க, நிக்குது!"

வெல்டர் குனிந்து ஒட்டை உற்றுப் பார்த்தான். இரும்புக் கம்பியால் இரண்டு தட்டுத் தட்டினான். "அத்தான், கையைக் குடுங்க" என்று குலுக்கினான். வாழ்க்கையில் முதல் தடவையாக வைத்தியர் ஒட்டியது ஒட்டியிருக்கிறது; முதல் தடவையாக அவருக்குச் சொல்ல ஒரு வார்த்தையும் வரவில்லை. இது நீடிக்கும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

திங்கள்கிழமை காலை எட்டரைக்கு முதலையின் வால் முடிந்தது. பத்து மணிக்கு மேடையில் இருபத்திரண்டு தவளைகள் குதித்தன. அரங்கம் கைதட்டியது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த டெய்லர் அக்கா ஒவ்வொரு தவளையாக எண்ணிக்கொண்டிருந்தார். இருபத்திரண்டும் பச்சை, இருபத்திரண்டும் சிரித்தன. முதலை மன்னிப்புக் கேட்க மண்டியிட்டபோது, மூன்று வரிசை பின்னாலிருந்து பழக்கமான ஒரு குரல் வந்தது.

"இந்த பெஞ்சுக் கால் ஆடுதே, ஏன்னு யோசிச்சீங்களா?"

முதலையின் தகப்பனார் பல் மருத்துவர். மகன் மேடையில் இருக்கிறான். எழுந்து ஓட முடியாது.

"எல்லாரும் துடைச்சுட்டுப் பசை போடுறாங்க டாக்டர். ஒட்ட மாட்டேங்குது. ஏன்? பதினெட்டு வருஷம் ஆராய்ச்சி பண்ணி நானே கண்டுபிடிச்சது ஒண்ணு சொல்றேன், வேற எங்கயும் கேட்டிருக்க மாட்டீங்க. துடைச்ச இடத்துல விரல் படக்கூடாது! விரல்ல எண்ணெய் இருக்கு. இப்ப இந்த பெஞ்சுக் காலையே எடுத்துக்கங்க. நல்லா துடைச்சு வச்சுட்டேன், பாருங்க. இனிமே இந்த இடத்தைத் தொடவே கூடாது. எந்த இடத்தை? இதோ, இந்த இடத்தை..."

டெய்லர் அக்கா திரும்பிப் பார்த்தார். கட்டைவிரல் பெஞ்சுக் காலின் மேல் நீளமாக, ஆசையாக, ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டிருந்தது. அவர் மேடையைப் பார்த்துத் திரும்பி, பலமாகக் கைதட்டினார்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கட்டுமா? இன்று காலைவரை அலுமினியத்துக்கும் துரு உண்டு என்று உங்களுக்குத் தெரியுமா? பசை உலோகத்தில் ஒட்டுவதில்லை, அதன் மேலிருக்கிற ஆக்ஸைடில்தான் ஒட்டுகிறது என்று தெரியுமா? இப்போது தெரியும். சாயங்காலத்துக்குள் உங்கள் எதிரில் யாராவது ஒரு பாவப்பட்டவர் எதையாவது கீழே போட்டு உடைப்பார். "தூக்கிப் போட்டுடாதீங்க" என்று நீங்கள் எழுந்து போவீர்கள். பிறகு அவரை உட்கார வைத்து எல்லாவற்றையும் விளக்குவீர்கள், ரொம்ப நாளாகவே உங்களுக்குத் தெரிந்த விஷயம் மாதிரி.